மகளுக்குக் கம்பஸ் கிடைத்திருக்கிறது, வட்டிக்கு ஒரு இலட்சம் வாங்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருக்குத் தொழிற்சாலையில் வேலை, மனைவி கொழுந்து எடுக்கிறார். மகளும் மகனும் ஒரே வருடம் உயர்தரம் எழுதியிருக்கிறார்கள். மகளுக்கு அது இரண்டாவது தடவை. அவருக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் கிடைத்திருக்கிறது. மகன் மூன்று பாடமும் சித்தி, ஆனால் இசட் புள்ளி (பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற தரப்படுத்திய புள்ளி) வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. ஹட்டனில் கூட்டம் வைத்த தனியார் கம்பஸ் ஒன்று, “வட்டியில்லாக் கடனில் ஐ.டி. பட்டம், இப்போதே ஐம்பதாயிரம் கட்டி இடத்தைப் பிடியுங்கள்” என்கிறதாம். மகளை அனுப்பிவைக்க, லயத்தில் ஒருவர் நூற்றுக்கு ஐந்து வட்டியில் ஒரு இலட்சம் தரத் தயாராக இருக்கிறாராம். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தில் எடுக்க முடியுமா என்றும், “பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பாமல் இரண்டு பேரையும் ஒன்றாகக் கொழும்பில் சேர்த்துவிடு” என்று சொந்தக்காரர்கள் சொல்வது சரியா என்றும் கேட்டிருக்கிறார்.

ஐயா, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலைக்குப் போகட்டும். அந்த ஒரு இலட்சத்தை வாங்காதீர்கள். மகனுக்காக ஐம்பதாயிரத்தையும் இப்போது கட்டாதீர்கள். காரணங்கள் கீழே.

அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் பாடக் கட்டணம் இல்லை. பதிவு, அடையாள அட்டை, விடுதி என்று கட்டுகிற சில்லறைத் தொகைகள் வீட்டை உடைக்கிறவை அல்ல. செலவு சாப்பாட்டிலும் தங்குவதிலும் போக்குவரத்திலும் இருக்கிறது. அதற்கு உதவப் புலமைப்பரிசிலும் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், பிள்ளை போகிற நாளுக்கும் புலமைப்பரிசில் பணம் வங்கிக்கு வருகிற நாளுக்கும் நடுவே சில மாதங்கள் ஓடிவிடும். பெயர்ப்பட்டியல் தயாராகி, சரிபார்த்து, கணக்கு இலக்கங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் தவணை விழும். மலையகக் குடும்பங்கள் வட்டிக்காரரிடம் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். ஆகவே நீங்கள் நான்கு வருடச் செலவை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. முதல் நான்கைந்து மாதங்களுக்கு வழி பண்ணினால் போதும்.

நூற்றுக்கு ஐந்து என்பது மாத வட்டி. ஒரு இலட்சத்துக்கு மாதம் 5,000, வருடம் 60,000. முதல் அப்படியே நிற்கும். மகளுக்கு மகாபொல (பல்கலைக்கழக மாணவருக்கான அந்தப் புலமைப்பரிசில்) கிடைத்தால் எவ்வளவு வரும் என்று பாருங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல தவணை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், மாணவர் உதவிப்பணம் (பிள்ளைகள் ‘பேர்சரி’ என்று சொல்வது) 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. தொகை வரவு செலவுத் திட்டத்தோடு மாறக்கூடியது என்பதால், பதிகிற வருடத்துக்குரிய தொகையை மகள் மாணவர் நலச்சேவைப் பிரிவில் கேட்டுக்கொள்ளட்டும். வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பத்துத் தவணைகள்தான். 7,500 கணக்கில் வருடம் 75,000. அதில் 60,000 உங்கள் பக்கத்து லயத்து வட்டிக்கே போய்விடும். பிள்ளை படிப்பதற்கென்று அரசு கொடுப்பதை அவர் வாங்கிக்கொள்வார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு இலட்சம் முழுவதும் முதல் நாளே தேவைப்படாது. போகும்போது ஒரு தொகை, பிறகு மாதம் மாதம் ஒரு தொகை, அவ்வளவுதான். மொத்தமாக வாங்கி வைத்தால் சும்மா கிடக்கிற பணத்துக்கும் வட்டி ஓடும், கையில் இருக்கிற பணம் வேறு எதற்காவது கரையும்.

என் கணக்கு இப்படி. கட்டில் விரிப்பு, வாளி, நுளம்பு வலை, பதிவுச் செலவு, முதல் பயணம் எல்லாவற்றுக்கும் 25,000 வையுங்கள். (கம்பளி, ஸ்வெட்டர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மட்டக்களப்பு வெயிலில் அவை பெட்டியில் இடத்தைத்தான் அடைக்கும்.) விடுதியில் தங்கி, கன்ரீனில் சாப்பிட்டு, அச்சு, பிரதி, ஃபோன் டேட்டா எல்லாம் சேர மாதம் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கனமான பிள்ளை அதற்குக் குறைவாகவும் ஓட்டும். உங்கள் இருவர் சம்பளத்திலிருந்து மாதம் 10,000 அனுப்ப முடிந்தால், ஐந்து மாதத்துக்கு விழுகிற துண்டு 50,000. ஆரம்பச் செலவோடு 75,000. அதையும் இரண்டு தடவையாகத் திரட்டலாம். போகும்போது 45,000, இரண்டு மாதம் கழித்து 30,000.

எங்கிருந்து? வீட்டில் ஒரு சங்கிலியோ தோடோ இருந்தால், இந்த வேலைக்கு ஏற்ற வழி மக்கள் வங்கி அல்லது இலங்கை வங்கியின் அடகுப் பிரிவுதான். வட்டி வருடக் கணக்கில் இருக்கும், வழக்கமாக ஒரு வருடத் தவணை, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வரவும் முடியும். நகையின் பெறுமதிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும்போது, கிடைக்கிற முழுத் தொகையையும் வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியதை மட்டும் கேளுங்கள். மகாபொல நிலுவை ஐந்து மாதத்துக்கு ஒன்றாக விழுந்தால் 37,500 ரூபாய். அது வந்த வாரமே அடகுக்குப் போகவேண்டும் என்று மகளோடு இப்போதே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். நிலுவை மொத்தமாக வருகிற வாரத்தில் கம்பஸ் வாசலில் புது ஃபோன்கள் பெருகுவது வழக்கம். நகை இல்லையென்றால் சீட்டில் முதல் கையைக் கேட்டு வாங்குங்கள். தீபாவளி முற்பணம் வருகிற காலத்தோடு இந்தச் செலவு பொருந்தினால் அதையும் ஒதுக்கலாம். மைக்ரோ ஃபினான்ஸ் குழுக் கடன் வேண்டாம். வாரத் தவணை தவறினால் உங்கள் மனைவியின் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

ஈ.பி.எஃப். பற்றி: வேலையில் இருக்கும்போதே எடுக்கக்கூடிய 30 சதவீதம் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் மட்டும். படிப்பு அதில் இல்லை. வீட்டுத் தேவை என்று எழுதிக்கொடுத்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது தரகு கேட்டால் போகாதீர்கள். அதே சம்பளத்தில் தோட்டம் உங்களுக்காக 3 சதவீதம் கட்டுகிற ஈ.டி.எஃப். பக்கம் திரும்பிப் பாருங்கள். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியச் சபை, உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு உயர்தரப் பெறுபேற்றை வைத்துப் புலமைப்பரிசில் தருகிறது. தோட்டங்களில் இதைக் கேட்பவர் குறைவு. உங்கள் உறுப்புரிமை இலக்கத்தைத் தோட்டத்து ஆபீஸில் எழுதி வாங்கி, விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று விசாரியுங்கள்.

இனி மகாபொல விண்ணப்பம். 1981 இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய அந்த நிதியத்தில், தோட்டத்துப் பிள்ளை என்றால் தானாகக் கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மவரிடம் இருக்கிறது. அப்படி இல்லை. பெறுபேறும் குடும்ப வருமானமும் இரண்டும் பார்க்கப்படும். வருமானப் பகுதியில்தான் நம்முடைய விண்ணப்பங்கள் சறுக்குகின்றன.

உங்கள் சம்பளத் துண்டை எடுத்து வைத்துப் பாருங்கள். மேலே மொத்தச் சம்பளம். கீழே வரிசையாகக் கழிவுகள்: ஈ.பி.எஃப்., சங்கச் சந்தா, தேயிலைத் தூள், கோயில் பணம், தீபாவளி முற்பணத்தின் தவணை. கடைசியில் கைக்கு வருவது. விண்ணப்பம் கேட்பது மேலே உள்ள மொத்தத்தை. நம்மவர் எழுதுவது கீழே உள்ளதை. கிராம உத்தியோகத்தர் விசாரித்து எழுதுவது மூன்றாவது தொகையாக இருக்கும், பெரும்பாலும் ஒரு முழு எண். தோட்டத்துரையின் கடிதத்தில் நாலாவது தொகை. நான்கும் நான்கு விதமாக இருந்தால் பிரதேச செயலகத்தில் கோவை நின்றுவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. உதாரணத்துக்கு, 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். மாதம் 25 நாள் என்றால் ஒருவருக்கு வருடம் 405,000, இருவருக்கும் 810,000. காகிதத்தில் அது பெரிய வருமானம். ஆனால் உண்மையில் உங்கள் மனைவிக்கு வருடம் முழுக்க மாதம் 25 நாள் வேலை கிடைத்ததா? எத்தனை நாள் கொழுந்து குறைந்து அரைப்பெயர் (அரைநாள் சம்பளம்) விழுந்தது? வறட்சி மாதத்தில் எத்தனை நாள்? யாரோ நாட்சம்பளத்தை 25 ஆல் பெருக்கி எழுதிவிட்டால், இல்லாத வருமானத்துக்காகப் பிள்ளை தட்டுப்பட்டுவிடும். அதனால் ஆபீஸில் பெரிய கிளாக்கரிடம் சொல்லி, கேட்கப்பட்ட வருடத்துக்குச் செக்ரோலில் (தோட்டத்து வேலைநாள், சம்பளப் பதிவேட்டில்) பதிவான பன்னிரண்டு மாத மொத்தச் சம்பளத்தை மாதவாரியாக, உங்களுக்கும் மனைவிக்கும் தனித்தனியாக, எழுதி வாங்குங்கள். தோட்டத் தலைப்புக் கடிதத்தில், துரையின் கையெழுத்தும் முத்திரையுமாக இருக்கட்டும். அந்தக் கடிதத்தோடுதான் கிராம உத்தியோகத்தரிடம் போகவேண்டும், அதற்கு முன் அல்ல. அவர் அதே எண்ணை எழுதுவார், பிரதேச செயலகமும் அதையே மேலொப்பமிடும். எல்லாத் தாளிலும் ஒரே எண்.

கைக்காசுக்கு எடுத்த கொழுந்து, விடுமுறையில் செய்கிற காய்கறித் தோட்டம் எல்லாம் வருமானம்தான். மறைக்காதீர்கள். அந்த வருடத்துக்குரிய எல்லை விண்ணப்பத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் குறைத்து எழுதி வாங்கலாம் என்று ஆலோசனை சொல்கிறவர், பின்னால் விசாரணை வரும்போது பக்கத்தில் இருக்கமாட்டார்.

பெயர் அடுத்த வில்லங்கம். பிறப்புச் சான்றிதழில் ‘முத்துசாமி’, உங்கள் அடையாள அட்டையில் ‘முத்துச்சாமி’, செக்ரோலில் ஆங்கிலத்தில் வேறு எழுத்து, பாடசாலைப் பதிவில் முதலெழுத்து மட்டும் என்று நான்கு இடத்தில் நான்கு விதமாக இருப்பது மலையகத்தில் சாதாரணம். ஓரெழுத்து வித்தியாசம்தான் என்றால், ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்’ என்று சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான இடங்களில் அது போதும். தந்தையின் பெயரே வேறாக இருந்தாலோ, பிறந்த திகதி மாறியிருந்தாலோ, பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்த விண்ணப்பம் போடவேண்டும். அதற்கு நாளாகும், ஆகவே அதை இன்றே தொடங்குங்கள்.

மகளின் வங்கிக் கணக்கு அவருடைய பெயரில், அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய காலத்தில் திறந்த சிறுவர் கணக்கின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, பணம் ஏன் விழவில்லை என்று மாதக் கணக்கில் காத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த வங்கி என்பதைப் பல்கலைக்கழகம் சொன்ன பிறகு கணக்குத் திறந்தால் போதும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இடத்தையே இழக்க வைத்துவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பத்தை டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடையில்தான் போட்டிருப்பீர்கள். பல கடைக்காரர்கள் தங்கள் மின்னஞ்சலையே போட்டு, கடவுச்சொல்லையும் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். கெட்ட எண்ணம் இல்லை, சீக்கிரம் முடிப்பதற்காகத்தான். ஆனால் பதிவுக்கான திகதி அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். குறித்த நாளுக்குள் பதியாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும், தபாலில் கடிதம் வரவில்லை என்று சொல்லிப் பயனில்லை. லயத்து முகவரிக்கு வருகிற கடிதம் ஆபீஸ் மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்த வாரமே மகள் அந்தக் கடைக்குப் போய் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் தன் கைக்கு மாற்றிக்கொள்ளட்டும். கொடுத்த ஃபோன் இலக்கத்தைப் படிப்பு முடியும்வரை மாற்ற வேண்டாம்.

மகாபொல பட்டியலில் பெயர் வராவிட்டால் அத்தோடு முடிந்துவிட்டதென்று விட்டுவிடாமல் மகள் நலச்சேவைப் பிரிவில் இரண்டு கேள்வி கேட்கவேண்டும்: மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது, உதவிப்பணப் பட்டியலில் என் பெயர் பரிசீலிக்கப்படுகிறதா? இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். உதவிப்பணம் 6,500 என்றால் வருடத்துக்கு 65,000. வித்தியாசம் வருடம் பத்தாயிரம்தான், அதற்காக மனமுடையத் தேவையில்லை.

விடுதிக்கான விண்ணப்பத்தையும் அதே மூச்சில் போடுங்கள். முதலாம் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும்தான் முன்னுரிமை. நடுவிலுள்ள வருடங்களில் வெளியே அறை எடுக்கவேண்டி வரலாம், அப்போது இரண்டு மூன்று மாத முற்பணம் கேட்பார்கள். முதல் வருட மகாபொலவில் கொஞ்சத்தைத் தொடாமல் வைத்திருந்தால் அந்த நேரத்தில் கைகொடுக்கும். தூரத்தைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பயமுறுத்துவது பழைய கதை. பேராதனையிலிருந்து பதுளை வழியாகப் போகும் ஏ5 வீதி போய் முடிகிற செங்கலடியிலிருந்து வந்தாறுமூலை கூப்பிடு தூரம். ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துபோனால் பஸ் காசிலேயே உதவிப்பணத்தில் பாதி தேய்ந்துவிடும். தவணை முடிவில் வரட்டும். மலையகத்திலிருந்து அங்கே படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். முதல் பயணத்துக்குத் துணை கிடைக்கும்.

மடிக்கணினி வாங்கித் தரவேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் மாதமே மகள் கேட்பார். தவணை முறைக் கடையில் வாங்காதீர்கள். காட்டுகிற மாதத் தொகையைத் தவணை எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள், ரொக்க விலைக்கு எவ்வளவு மேலே போகிறதென்று தெரியும். முதல் அரையாண்டை பீடத்துக் கணினி ஆய்வுகூடத்தையும் நூலகத்தையும் வைத்து ஓட்டலாம். முகாமைத்துவ மாணவருக்குக் கணினி உண்மையாகவே வேண்டிவருவது ஒப்படைகளும் செயற்றிட்டமும் குவியும்போதுதான். அதற்குள் நிலுவைப் பணம் வந்திருக்கும். நல்ல நிலையில் உள்ள பாவித்த கணினி ஒன்றைச் சீனியர் பிள்ளைகள் மூலமாகவே வாங்கலாம்.

வேறு உதவிகளில் முதலில் பார்க்கவேண்டியது இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளை. 1947 இல் ஏற்படுத்தப்பட்ட இதை இந்திய உயர்ஸ்தானிகராலயம் நடத்துகிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் உதவித்தொகை தருகிறது. கண்டியில் உள்ள உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைக் கவனித்திருங்கள். நீங்கள் ஆபீஸில் வாங்கிய செக்ரோல் கடிதம் இதற்கும் உதவும், ஆகவே அதில் உறுதிப்படுத்திய பிரதிகள் நான்கைந்து எடுத்து வையுங்கள். சில பெருந்தோட்டக் கம்பனிகளும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒருமுறை கொடுப்பனவு தருகின்றன, அதைத் துரையிடமே கேட்கலாம்.

இப்போது மகன்.

அரசின் வட்டியற்ற மாணவர் கடன் திட்டம் உண்மையாகவே இருக்கிறது, 2017 இலிருந்து நடக்கிறது. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்கள், அரசு அங்கீகரித்த தனியார் உயர்கல்வி நிறுவனங்களில், பட்டியலிடப்பட்ட பட்டங்களைப் படிப்பதற்கான திட்டம் அது. ஆகவே மகளை வந்தாறுமூலை இடத்தை விட்டுவிட்டு இந்தக் கடனில் கொழும்பில் சேர்க்கலாம் என்கிற யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள். அவருக்கான திட்டமே அல்ல அது. இலவசமாகக் கிடைத்த பட்டத்தை விட்டுக் கடனில் ஒன்றை வாங்கவும் வேண்டாம்.

மகனுக்கு அது பொருந்துமா என்பது வேறு. ஹட்டன் கூட்டத்தில் ‘வட்டியில்லாக் கடன்’ என்று சொன்னது இந்த அரச திட்டமா, அல்லது அவர்களே ஒரு நிதிக் கம்பனியோடு செய்துகொண்ட தவணை ஏற்பாடா? அரச திட்டத்தில் அமைச்சு விண்ணப்பம் கோரும், மாணவன் தான் விரும்பும் பட்டங்களை வரிசைப்படுத்திக் கொடுப்பான், தெரிவான பிறகு வங்கியோடு ஒப்பந்தம், கட்டணம் நேரே நிறுவனத்துக்குப் போகும், வட்டியை அரசு ஏற்கும். மண்டபத்தில் வைத்து ஐம்பதாயிரம் வாங்கி ‘இடம் பிடிக்கிற’ வேலை அதில் இல்லை. முதலில் காசைக் கட்டுங்கள், பிறகு கடனுக்கு மாற்றிவிடலாம் என்பார்கள். மாறாவிட்டால் ஐம்பதாயிரம் திரும்பி வராது, அடுத்த தவணையும் வாசலில் நிற்கும். கடன் தருகிறது யார், வட்டியைக் கட்டுகிறது யார், முதல் தவணை என்றைக்கு என்ற மூன்றையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால்தான் சொல்வோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பட்டத்தையும் பார்க்கவேண்டும். உள்ளூர்த் தனியார் நிறுவனம் தானே பட்டம் வழங்குவதானால், பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அனுமதி பெற்றிருக்கவேண்டும், அதுவும் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு. ‘முதலில் டிப்ளோமா, பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் டொப்-அப்’ (டிப்ளோமாவைப் பட்டமாக்குகிற கடைசி வருடப் படிப்பு) என்றால், கடைசி வருடக் கட்டணம் பெரும்பாலும் பவுணில் இருக்கும். இன்றைக்கு ரூபாயில் சொல்கிற தொகை மூன்று வருடம் கழித்து நிற்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

அரச கடனே கிடைத்தாலும் எண்களைப் பாருங்கள். ஆரம்ப ஆண்டுகளில் கட்டணத்துக்கு உச்சம் 8 இலட்சம், விரும்பினால் வாழ்க்கைச் செலவுக்கு 3 இலட்சம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தொடங்கி எட்டு வருடத்தில் கட்டி முடிக்கவேண்டும். 8 இலட்சத்தை 96 மாதத்தால் பிரித்தால் மாதம் 8,333. பதினொரு இலட்சமும் எடுத்தால் 11,458. வேலையில் இருக்கிற ஐ.டி. பட்டதாரிக்கு இது தாங்கக்கூடிய சுமைதான், நான் மறுக்கவில்லை. வாழ்க்கைச் செலவுக்கான 3 இலட்சத்தை நான்கு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 6,250. மகளுக்கு மகாபொலவில் வருவதும் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் அதேதான். ஆனால் மகன் அதைத் திருப்பிக் கட்டவேண்டும், அதுவும் கொழும்பில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு. கட்டணம் கடன் உச்சத்தைத் தாண்டுகிற பட்டமானால் மிச்சம் உங்கள் கையிலிருந்து போகும். அந்த 8 இலட்ச உச்சத்தில், பதினான்கு இலட்ச ரூபாய்ப் பட்டம் என்றால் மிச்சம் 6 இலட்சம், அதைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

பிணையாளர் அடுத்த முட்டுக்கட்டை. நிரந்தர வருமானம் உள்ளவரை வங்கி எதிர்பார்க்கும். விண்ணப்பம் போடுகிறதற்கு முன்பே, ஆசிரியரோ அரச உத்தியோகத்தரோ ஒருவர் சம்மதிப்பாரா என்று கேட்டு வையுங்கள். தெரிவான பிறகு தேடினால் நாள் கடந்துவிடும்.

இதெல்லாவற்றையும்விட எனக்குக் கவலை ஆங்கிலம். இந்தப் பட்டங்கள் ஆங்கில மொழிமூலம். தமிழ் மொழிமூலத்தில் வர்த்தகம் படித்த பிள்ளை முதல் அரையாண்டில் திணறி இடையில் விட்டால், பட்டம் இருக்காது, கடன் இருக்கும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு மகனுக்கு என்ன கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. ‘சி’க்குக் கீழே என்றால் இந்த வருடம் கடன் எடுக்கவேண்டாம் என்பதே என் பேச்சு.

அவருக்கு இது முதல் தடவை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை எழுதலாம். அக்காவுக்கும் இரண்டாவது தடவைதானே கிடைத்தது? நுவரெலியா கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று என்பதால், மாவட்டத்துக்கு ஒதுக்கப்படும் 55 சதவீதப் பங்கோடு, அத்தகைய மாவட்டங்களுக்கான 5 சதவீதத்திலும் நமக்கு இடம் உண்டு. வெட்டுப்புள்ளிக்கு எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். கொஞ்சம்தான் என்றால் இன்னொரு வருடம் எட்டு வருடம் கட்டுகிற கடனைவிட மலிவு. அந்த வருடத்தில் ஆங்கிலத்தையும் பிடித்துக்கொள்ளலாம்.

எழுத விருப்பமில்லை என்றால், உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் கண்டி, பதுளை நிலையங்களில் முழுநேர எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) இருக்கிறது. கணக்கியலும் தகவல் தொழில்நுட்பமும் அங்கே கட்டணம் இல்லாமல் படிக்கலாம். பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி, தங்குமிடத்தோடு ஆசிரியர் பயிற்சி. அதற்கு வர்த்தமானியில் அறிவித்தல் வரும்போது பாடத் தகைமையையும் வயதையும் பார்த்து விண்ணப்பிக்கட்டும். இந்தியாவில் படிக்க நேரு நினைவுப் புலமைப்பரிசிலும், ஐ.டி. பொறியியலுக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசிலும் உண்டு. இரண்டும் கல்வி அமைச்சு வழியாகத்தான், தரகருக்கு அங்கே வேலை இல்லை. பெறுபேறு கெட்டியாக இருந்தால்தான் போட்டியில் நிற்க முடியும்.

செய்யவேண்டிய ஒழுங்கு: முதலில் கொமியூனிகேஷன் கடைக்குப் போய் மின்னஞ்சல், அடுத்து ஆபீஸில் செக்ரோல் கடிதம், அதற்குப் பிறகு கிராம உத்தியோகத்தர். வெட்டுப்புள்ளிக்கும் மகனுடைய புள்ளிக்கும் உள்ள இடைவெளியையும், அவருடைய ஆங்கிலப் பெறுபேற்றையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் பட்டம், எந்த நிறுவனம் என்பதை அதன்பிறகு பேசலாம்.